ஹென்றி டிம்கன்: வீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கும் எல்லாருக்கும் தெரிய வேண்டிய வண்டிப் பட்டறைக்காரர்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் பலர் பிரேக் வேலைக்கு மெக்கானிக்கைத் தேடிப் போவதில்லை. வீட்டு கராஜிலேயே ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழட்டி, தாங்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பின்சக்கரத்தில் இழுவை உள்ள பழைய வண்டிகளில், முன்பக்க பிரேக் டிஸ்க்கை மாற்றப் போகும்போது ஒரு கூடுதல் வேலை வந்து நிற்கும். அந்த வண்டிகள் பலவற்றில் டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு. டிஸ்க்கைக் கழட்ட வேண்டுமென்றால் ஹப்பை இழுத்தாக வேண்டும். ஹப்பை இழுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு பேரிங்கும் கைக்கு வந்துவிடும்.

வெளியே வந்த பேரிங்கை அப்படியே திரும்பப் போட முடியாது. கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், புது கிரீஸ் அடைக்க வேண்டும், நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகலாம்.

அந்தப் பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் பல நேரம் ஒரு பெயர் பொறித்திருக்கும்: டிம்கன். அது வெறும் கம்பெனிப் பெயர் இல்லை. குதிரை வண்டி செய்து வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர். கார் என்ற பொருள் சந்தைக்கு வரும் முன்பே தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிறகு திரும்பி வந்து, 66 வயதில் ஒரு காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் லாரி, டிராக்டர், டிரெய்லர் என்று பல வண்டிகளின் சக்கரத்துக்குள் இருப்பது அந்த வடிவம்தான்.

யார் இந்த ஹென்றி டிம்கன்? அவர் செய்த பேரிங்குக்கு ஏன் இன்னமும் நம் கையால் கிரீஸ் வைக்க வேண்டியிருக்கிறது?

ஜெர்மனியிலிருந்து மிசூரிக்கு

ஹென்றி டிம்கன் பிறந்தது 1831 ஆகஸ்ட் 16. ஊர், ஜெர்மனியின் ப்ரெமன் நகரத்துக்குப் பக்கம். அவருக்கு 7 வயது இருக்கும்போது, 1838-ல், குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போனது. மிசூரி மாகாணத்தில், பிற்காலத்தில் செடாலியா என்ற ஊர் எழுந்த பகுதியில், பண்ணை வைத்தார்கள்.

பையனுக்கு விவசாயத்தில் மனம் ஒட்டவில்லை. 1847-ல், 16 வயது நடக்கும்போது, செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய் ஒரு வண்டிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். காஸ்பர் ஷுர்மியர் என்பவருடைய பட்டறை அது.

செயின்ட் லூயிஸ் அப்போது சாதாரண ஊர் இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பக்கம் குடியேறப் போகிறவர்களுக்கு அதுதான் வாசல். மிசிசிப்பி ஆற்றில் படகில் வந்து இறங்குபவர்கள் அங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அதனால் வண்டி செய்யத் தெரிந்தவனுக்கு வேலைப் பஞ்சமே கிடையாது.

பட்டறையில் என்ன கற்றிருப்பார்?

அந்தக் கால வண்டிச் சக்கரத்தில் பேரிங் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இரும்பு அச்சு, அதன்மேல் சக்கரத்தின் குடம். இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுற்றும். நடுவே இருப்பது கொழுப்பு மட்டும்தான். நம்மூரில் மாட்டு வண்டிக்கு மை போடுவார்களே, அதே வேலைதான். அங்கே மாட்டுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும், சுண்ணாம்பு சேர்த்துச் செய்த மசகையும் தடவினார்கள்.

தடவாமல் விட்டால் அச்சு சூடாகும், தேயும், சில நேரம் குடத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். சரியாகத் தடவினாலும் குதிரையின் பலத்தில் ஒரு பெரிய பங்கு சாமானை இழுக்கப் போகாது, இந்த உராய்வைச் சமாளிக்கவே போய்விடும். வண்டி எவ்வளவு பாரம் ஏற்றலாம், எத்தனை விலங்கு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்தச் சின்ன இடம்தான். டிம்கன் வாழ்நாள் முழுக்க மோதியது இந்த ஒரு பிரச்னையோடு.

தங்கம் தேடிப் போனவர், போருக்கும் போனார்

1855-ல் சொந்தமாக வண்டித் தொழில் தொடங்கினார். அதே வருடம் ஃப்ரெடெரிக்கா ஹைன்சல்மன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இந்த ஹைன்சல்மன் என்ற குடும்பப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தொழில் நேர்கோட்டில் ஓடவில்லை. 1860-ல் கொலராடோ பக்கம் பைக்ஸ் பீக் மலையில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே கிளம்பியது. டிம்கனும் கிளம்பினார். தங்கத்தால் அவர் வாழ்க்கை மாறவில்லை. திரும்பி வந்தபோது உள்நாட்டுப் போர். மிசூரி மிலிஷியாவின் 13-வது ரெஜிமென்ட்டில் கேப்டனாக இருந்தார். போர் முடிந்த பிறகு மறுபடியும் அதே மரம், இரும்பு, சக்கரம்.

முதலில் பெயர் வாங்கித் தந்தது ஸ்பிரிங்

டிம்கன் என்றதும் இன்று பேரிங்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் காலத்து ஆட்களுக்கு அவரை வேறு ஒரு பொருளால்தான் தெரியும். 1877-ல் அவர் காப்புரிமை வாங்கிய வண்டி ஸ்பிரிங் அது. பக்கி எனப்படும் சின்னக் குதிரை வண்டியில் உட்கார்ந்து போகிறவரின் இடுப்பு உடையாமல் காப்பாற்றிய ஸ்பிரிங். அமெரிக்கா முழுக்க டிம்கன் ஸ்பிரிங் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. காசும் கொட்டியது.

1887 வாக்கில், 50-களின் நடுவில் இருந்த டிம்கன், போதும் என்று கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்குக் குடிபோனார். கடல், வெயில், ஓய்வு. ஆனால் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. சில வருடங்களில் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி வண்டித் தொழிலுக்கே வந்துவிட்டார். இந்த முறை அவர் கண் ஸ்பிரிங்கில் இல்லை, அச்சில் இருந்தது.

திருப்பத்தில் என்ன நடக்கிறது?

1890-களில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. சைக்கிளில் பால் பேரிங் நன்றாகவே வேலை செய்தது. அதையே கனமான வண்டிக்கும் போட்டுவிட்டால் என்ன?

அங்கேதான் சிக்கல். குண்டு உருண்டையானது. அது பாதையைத் தொடும் இடம் ஒரு சின்னப் புள்ளி அளவுதான். டன் கணக்கில் எடை ஏறினால் அந்தப் புள்ளியில் அழுத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போகும். குண்டுக்குப் பதிலாக உருளையைப் போட்டால் தொடும் இடம் ஒரு கோடாக நீளும், எடை பரவும். ஆனால் நேர் உருளையிலும் ஒரு குறை உண்டு. மேலிருந்து வரும் எடையை அது தாங்கும், பக்கவாட்டில் வரும் தள்ளலைத் தாங்காது.

வண்டி நேராகப் போகும் வரை பிரச்னை இல்லை. திருப்பத்தில் வளையும்போது சக்கரம் அச்சின் நீளவாட்டில் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். பாரம் ஏற்றிய வண்டி வேகமாகத் திரும்பினால் அந்தத் தள்ளல் ரொம்பவே பெரிசு. நேர் உருளை அப்போது கோணலாகி, உருளாமல் இழுபடும். இழுபட்டால் மறுபடி பழைய உராய்வுதான்.

டிம்கன் கண்ட தீர்வு, உருளையை லேசாகக் கூம்பாக்குவது. ஒரு முனை பெரிசு, மறுமுனை சிறிசு. உள்ளே இருக்கும் கோன் என்ற வளையமும் சரிவு, வெளியே இருக்கும் கப் என்ற வளையமும் சரிவு. இந்த எல்லாச் சரிவுகளையும் கற்பனையில் நீட்டிக்கொண்டே போனால் அவை அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சேரும். அப்படிச் சேர்ந்தால்தான் ரோலர் தன் முழு நீளத்துக்கும் சறுக்காமல் உருளும். மேலிருந்து வரும் எடையையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒரே பேரிங் தாங்கிவிடும்.

இந்த வேலையில் அவரோடு இருந்தவர் ரெஜினால்ட் ஹைன்சல்மன், மனைவி வழி உறவுக்காரப் பையன். 1898 ஜூன் 28 அன்று கூம்பு உருளை பேரிங்குக்கான காப்புரிமைகள் கிடைத்தன. எண்கள் 606,635, 606,636.

கோவேறு கழுதை வழக்கு

இந்தக் கட்டத்தில் டிம்கன் கதையில் ஒரு சம்பவத்தைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். புது பேரிங் மாட்டிய ஒரு வண்டியில் வழக்கத்தைவிட அதிகப் பாரம் ஏற்றி, கோவேறு கழுதைகளைப் பூட்டி செயின்ட் லூயிஸ் தெருவில் ஓட்டியிருக்கிறார்கள். விலங்குகளை வதைக்கிறான் என்று வண்டிக்காரரைப் பிடித்துவிட்டார்கள். வண்டி எவ்வளவு லேசாக உருள்கிறது என்று காட்டிய பிறகுதான் விட்டார்களாம்.

இது எவ்வளவு தூரம் அப்படியே நடந்தது என்பது வேறு விஷயம். கம்பெனியோடு சேர்ந்து வளர்ந்த கதை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு புது பேரிங்கை மக்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. எத்தனை கழுதை, எவ்வளவு பாரம் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

கார் வந்த இடத்துக்கே போனார்கள்

1899-ல் செயின்ட் லூயிஸில் டிம்கன் ரோலர் பேரிங் ஆக்ஸில் கம்பெனி பதிவானது. பெயரைக் கவனித்தால் ஒன்று புரியும். வெறும் பேரிங்கை விற்கவில்லை, பேரிங் பொருத்திய அச்சாகவே விற்றார்கள்.

அதே நேரத்தில் கார்கள் தெருவுக்கு வரத் தொடங்கின. வாழ்நாள் முழுக்கக் குதிரை வண்டி செய்தவருக்கு அது கெட்ட செய்தியாக இருந்திருக்க வேண்டும். டிம்கன் குடும்பம் அதை அப்படிப் பார்க்கவில்லை. குதிரையைவிட வேகமாக ஓடும், அதைவிடக் கனமான வண்டிக்கு இந்தப் பேரிங் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் அல்லவா?

1901-ல் கம்பெனியை ஒஹாயோ மாகாணத்தின் கான்டன் நகரத்துக்கு மாற்றினார்கள். டெட்ராய்ட்டும் பஃபலோவும் கார் செய்யும் ஊர்கள். பிட்ஸ்பர்க்கும் கிளீவ்லாந்தும் எஃகு செய்யும் ஊர்கள். கான்டன் இவற்றுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நிர்வாகத்தை மகன்கள் எச்.எச். டிம்கனும் வில்லியம் டிம்கனும் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் சான் டியாகோவுக்குத் திரும்பினார். 1909 மார்ச் 16 அன்று அங்கேயே இறந்தார். வயது 77.

ஃபோர்டின் மாடல் டி கார் வெளியானது 1908-ல். கார் யுகம் முழுசாக விடிவதை அவர் பார்க்கவில்லை. 1930-ல் அவருடைய கம்பெனி எல்லா அச்சுகளிலும் ரோலர் பேரிங் பொருத்திய ஒரு நீராவி ரயில் எஞ்சினைக் கட்டவைத்து நாடு முழுக்க ஓட்டிக் காட்டியது. சில பெண்கள் சேர்ந்து கயிறு கட்டி அந்த எஞ்சினை இழுத்ததைப் படம் எடுத்து விளம்பரம் செய்தார்கள். கழுதை வண்டிக் கதையின் அடுத்த பாகம் என்று சொல்லலாம்.

சரி, உராய்வு போய்விட்டதே, கிரீஸ் எதற்கு?

போகவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கூம்பு உருளை சறுக்காமல் உருளும் என்று பார்த்தோம். ஆனால் கூம்பை இரண்டு சரிவுகளுக்கு நடுவே அழுத்தினால் அது பெரிய முனைப் பக்கமாகப் பிதுங்கி வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்க கோனின் விளிம்பில் ஒரு வரம்பு இருக்கும். ஒவ்வொரு ரோலரும் தன் பெரிய முனையால் அந்த வரம்பை உரசிக்கொண்டேதான் சுற்றுகிறது. அந்த இடத்தில் உருளல் இல்லை, சறுக்கல்தான். அங்கே எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் இரும்பும் இரும்பும் நேராக மோதும், சூடாகும், நீலம் பாயும், கடைசியில் பேரிங் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

பேரிங்குக்குக் கிரீஸை மேலே பூசினால் போதாது, உள்ளே அடைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் எடுத்துக்கொண்டு, பேரிங்கின் பெரிய முனைப் பக்கத்தை அதில் குத்திக் குத்தி அழுத்த வேண்டும். ரோலர்களுக்கு இடையே புகுந்து சிறிய முனைப் பக்கம் கிரீஸ் பிதுங்கி வரும். வந்ததும் கொஞ்சம் திருப்பி அடுத்த இடத்தில் அழுத்த வேண்டும். சுற்று முழுக்க இப்படி வந்தால்தான் வேலை முடிந்தது. ஹப்பின் உள்சுவரில் ஒரு படலம் தடவலாம், ஆனால் குழி முழுக்கக் கிரீஸைக் கொட்டக் கூடாது. சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் வந்துவிடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு வேலை பார்க்கவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கலாம். காற்று அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுசாகக் கழுவுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. கழுவிய பேரிங்கைக் காற்று பீய்ச்சிச் சுழற்றுவது பலருக்கும் ஆசையான வேலை. அது ஆபத்து. கிரீஸ் இல்லாமல் அதிவேகத்தில் சுழன்றால் ரோலர் தெறித்து வரலாம்.

காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். ரோலரில் குழி, செதில் உரிந்த அடையாளம், நீல நிறம், கேஜில் வளைவு, கப்பில் ரோலர் அகலத்துக்குக் கோடு கோடாகப் பள்ளம் என்று ஒன்று தெரிந்தாலும் பேரிங் முடிந்தது. கோனை மட்டும் புதிதாகப் போட்டு பழைய கப்பை விட்டுவைக்கக் கூடாது. இரண்டும் ஜோடியாகவே மாற வேண்டும். பழையதையே திரும்பப் போடுவதாக இருந்தால், எந்த கோன் எந்த கப்பில் இருந்ததோ அதிலேயே போக வேண்டும். சீல் மட்டும் எப்போதுமே புதுசு.

எந்தக் கிரீஸ் வாங்குவது?

கடையில் நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்குகிறவர்கள் அதிகம். சிவப்பு நல்லது, நீலம் சூடு தாங்கும் என்றெல்லாம் சொல்வார்கள். நிறம் என்பது கம்பெனி கலக்கும் சாயம் மட்டுமே. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கிரீஸ் என்பது அடிப்படையில் எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஒழுகாமல் பிடித்துவைக்க ஒரு கெட்டிப்பொருள் சேர்ப்பார்கள். பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பது மாதிரி. வேலை செய்வது எண்ணெய், அதைத் தேவையான இடத்தில் உட்காரவைப்பது கெட்டிப்பொருள்.

டிம்கன் காலத்து கிரீஸில் கெட்டிப்பொருள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சோப்பு. தண்ணீருக்கு அசையாது, ஆனால் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் உருகிவிடும். சோடியம் சோப்பில் செய்த கிரீஸ் சூட்டைத் தாங்கியது, தண்ணீர் பட்டால் கரைந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை. 1942-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் லித்தியம் கிரீஸுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான், சூட்டையும் தண்ணீரையும் ஒன்றாகச் சமாளிக்கும் கிரீஸ் பரவலானது. அதிலிருந்து வளர்ந்த லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250 டிகிரி வரைக்கும் உருகி ஒழுகாமல் நிற்கும்.

டிரம் பிரேக் காலத்தில் இவ்வளவு சூடு தேவைப்படவில்லை. டிஸ்க் பிரேக் வந்ததும் கதை மாறியது. டிஸ்க்கில் கிளம்பும் வெப்பம், அதே வார்ப்பில் இருக்கும் ஹப் வழியாக நேராகப் பேரிங்குக்குப் போகும். மலைச் சாலையில் இறங்கும் வண்டியில் சாதாரண கிரீஸ் தண்ணீராக ஓடிவிடும்.

டப்பாவில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்.

ஒன்று, என்எல்ஜிஐ எண். 1933-ல் தொடங்கிய அமெரிக்க கிரீஸ் அமைப்பு வகுத்த கெட்டித்தன்மை அளவு அது. 000-லிருந்து 6 வரை மொத்தம் 9 படிகள். 25 டிகிரியில் கிரீஸுக்குள் ஒரு கூம்பை விழவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். வீல் பேரிங்குக்குப் பொதுவாக 2-ம் எண். அதில் கூம்பு 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கும். கெட்டி வெண்ணெய் பதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, ஜிசி-எல்பி என்ற முத்திரை. இதில் ஜிசி என்பது வீல் பேரிங் கிரீஸுக்கான உச்சத் தரம். எல்பி என்பது அடிச்சட்ட மூட்டுகளுக்கான உச்சத் தரம். இரண்டும் சேர்ந்து இருந்தால் டிஸ்க் பிரேக் வண்டிக்கு நம்பி வாங்கலாம். அதற்கு மேல், வண்டியின் கையேடு ஏதாவது குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. தண்ணீருக்குள் இறங்கும் படகு டிரெய்லர் மாதிரி வண்டிகளுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் நல்ல தேர்வு.

ரொம்ப முக்கியமான ஒன்று: இரண்டு வகை கிரீஸைக் கலக்காதீர்கள். லித்தியமும் பாலியூரியாவும் தனித்தனியே நல்ல கிரீஸ்கள். ஆனால் கலந்தால் பல நேரம் கெட்டித்தன்மை போய் எண்ணெய் ஒழுகிவிடும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாதபோது, சுத்தமாகக் கழுவிவிட்டுப் புதுசு வைப்பது மட்டுமே வழி.

சக்கரம் கழலும் இடம் இதுதான்

கிரீஸை விடவும் அதிகமாகத் தப்பு நடப்பது நட்டை இறுக்குவதில். ஒரு ஹப்பில் இரண்டு பேரிங் இருக்கும். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இரண்டின் சிறிய முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நட்டை இறுக்க இறுக்க இரண்டு கோன்களும் நெருங்கி ரோலர்களை அழுத்தும்.

மற்ற நட்டுகளை இறுக்குவது போல இதையும் முழு பலத்தோடு இறுக்கினால் எண்ணெய்ப் படலத்துக்கே இடம் இருக்காது. சில கிலோமீட்டரில் புகை வரும். ரொம்பத் தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும், டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறை பிரேக் மிதிக்கும்போது பெடல் ஆழமாகப் போகும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

பொதுவான முறை இது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி பேரிங்கை உட்காரவைக்க வேண்டும். பிறகு நட்டைத் தளர்த்திவிட வேண்டும். அதன்பின் கைவிரலால் எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு மட்டும் இறுக்கி, புது ஸ்பிலிட் பின் போட வேண்டும். துளை நேருக்கு வரவில்லையென்றால் இறுக்காமல், தளர்த்தித்தான் நேர் செய்ய வேண்டும். பல வண்டிகளில் இருக்க வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரைதான். துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். முடிந்ததும் டிஸ்க்கில் கிரீஸ் கை பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் பேடு மாட்ட வேண்டும்.

நம் வண்டிக்கும் இது உண்டா?

இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் சீல் செய்த பேரிங்தான் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, ஆட்டமும் சரி செய்து வந்துவிடும். கழட்டவும் முடியாது, கழட்டவும் கூடாது. சத்தம் வந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் லாரி, டிராக்டரின் முன்சக்கரம், டிரெய்லர் என்று பாரம் சுமக்கும் வண்டிகளில் திறந்து பார்க்கக்கூடிய கூம்பு உருளை பேரிங் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இவற்றில் சில கிரீஸில் ஓடும், சில ஆயிலில் ஓடும். அமெரிக்க டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்வது வழக்கம்.

டிம்கன் பெயர் இந்தியாவுக்கு வந்தது 1987-ல். டாடா ஸ்டீலுடன் கூட்டாக டாடா டிம்கன் உருவாகி, ஜாம்ஷெட்பூரில் தொழிற்சாலை எழுந்தது. இப்போது அது டிம்கன் இந்தியா.

செயின்ட் லூயிஸ் பட்டறையில் அச்சுக்குக் கொழுப்பு தடவிப் பழகிய பையன், கடைசியில் அந்த வேலையை முழுசாக ஒழிக்கவில்லை. அடிக்கடி செய்ய வேண்டியதை எப்போதாவது செய்தால் போதும் என்று ஆக்கினார். அந்த எப்போதாவது வரும் நாள்தான் பிரேக் வேலை நாள். பேடு மட்டும் மாற்றிவிட்டுப் பேரிங்கை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், மேலே சொன்ன வரம்பையும் அதை உரசும் ரோலரையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். வீட்டில் செய்யும் தைரியம் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்தக் கிரீஸ் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.